பேங்க் அனலிஸ்ட் இன்டர்வியூக்குப் போற நம்ம திருநெல்வேலிப் பிள்ளைங்களுக்கு

நான் ஒரு பெரிய பேங்க்ல கிரெடிட் ரிஸ்க் பக்கம், அதாவது கொடுக்கிற கடன் திரும்ப வருமான்னு பாக்கிற பக்கம், வேலை பாக்குதேன், அனலிஸ்ட் எடுக்கிற இன்டர்வியூ பேனல்லயும் உக்காருதேன். பாளையங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம்னு நம்ம பக்கத்து ரெஸ்யூம் வந்தாலே மனசுக்கு சந்தோஷமா இருக்கும், மார்க்கும் நல்லாத்தான் இருக்கும், ஆனா உள்ள வந்து உக்காந்ததும் பாதிப் பேரு மனப்பாடம் பண்ணதை ஒப்பிக்க ஆரம்பிச்சிருதாங்க, அங்கதான் வேலை கைநழுவிப் போகுது.

நாங்க கேக்கிற ஒரு கேள்வி சொல்லுதேன். ஒரு ரைஸ் மில்லுக்காரர் 50 லட்சம் ஒர்க்கிங் கேப்பிடல் லோன் (அன்றாட வியாபாரம் நடத்துறதுக்கான கடன்) கேக்காரு, எதையெல்லாம் பாப்பீங்க? நிறையப் பேரு கரண்ட் ரேஷியோ 1.33 இருக்கணும் சார்னு சொல்லி நிறுத்திருவாங்க. அது ஏன் 1.33னு கேட்டா பதில் வராது. ஒரு வருஷத்துக்குள்ள பணமாகிற சொத்தை (கரண்ட் அசெட்) ஒரு வருஷத்துக்குள்ள கட்ட வேண்டிய கடனால வகுத்தா வர்றதுதான் கரண்ட் ரேஷியோ. கரண்ட் அசெட் 100 ரூபாய்னா அதுல 25 ரூபாயாவது சொந்த முதல் மாதிரி நீண்டகாலப் பணமா இருக்கணும், மிச்சம் 75தான் குறுகியகாலக் கடன், 100ஐ 75ஆல வகுத்தா 1.33 வந்துரும். இதைத் தெரிஞ்சுக்க அஞ்சு நிமிஷம் போதும், ஆனா யாரும் இவங்களுக்கு சொல்லிக் கொடுக்கலையேன்னு எனக்கு வருத்தமா இருக்கும்.

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பிள்ளை ஒண்ணு ரேஷியோவுக்கே போகல. "மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்தான சார் தந்திருக்கீங்க, எங்க ஊர்ல பிசானம் அறுப்பு அதை ஒட்டித்தான் வரும், மில்லுல நெல்லு வாங்கிக் குவிச்சிருப்பாங்க, அப்போ ஸ்டாக் கூடத்தான் தெரியும், மத்த மாசத்து ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டும் பாக்கணும்"னு சொல்லிச்சு. நெல்லுக்கு விவசாயிகிட்ட ரொக்கம் கொடுக்கணும், அரிசியை கடைக்காரங்களுக்கு கடனுக்குப் போடணும், நடுவுல மாட்டுற பணத்துக்குத்தான் இந்த லோனுன்னும் அதுவே சொல்லிச்சு. தமிழும் இங்கிலீஷும் கலந்துதான் பேசிச்சு, பேனல்ல யாரும் அதைக் குறையா எடுத்துக்கல. அனலிஸ்ட்கிட்ட நாங்க தேடுறது இதைத்தான், நம்பருக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு யோசிக்கிற ஆளு.

என்பிஏ, அதாவது வராக்கடன் பத்தின கேள்வி எப்படியும் வரும். வட்டியோ அசலோ 90 நாளுக்கு மேல பாக்கி நின்னா என்பிஏன்னு எல்லாரும் சொல்லிருதாங்க, சரி, அதுக்கப்புறம் ஒரே ஒரு தவணை கட்டுனா திரும்ப ஸ்டாண்டர்ட் (ஒழுங்கா நடக்கிற லோன்) ஆயிருமான்னு கேட்டா முழிக்காங்க. ஆகாது. மொத்த பாக்கியையும் கட்டியாகணும்னு ரிசர்வ் பேங்க் 2021லயே தெளிவாச் சொல்லிட்டு.

எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்ல இருந்து தகவல் எடுக்கிற மொழி) கையால எழுதிப் பழகுங்க. லோனே வாங்காத கஸ்டமர் யாருன்னு கேட்டா இன்னர் ஜாயின் போடாதீங்க, அது கஸ்டமர், லோன் ரெண்டு டேபிள்லயும் இருக்கிறவங்களை மட்டும்தான் தரும், அவங்கதான் அதுல காணாமப் போவாங்க, கஸ்டமர் எல்லாரையும் வச்சுக்கிற லெஃப்ட் ஜாயின் போட்டு லோன் பக்கம் காலியா வர்ற வரியை எடுக்கணும். தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டு எப்படி யோசிப்பீங்கன்னு வாய்விட்டுச் சொல்லுங்க, அதுக்கும் மதிப்பு உண்டு.

இன்னொண்ணு, வீட்டுல அப்பா அம்மாகிட்டயும் சொல்லி வைங்க. செலக்ட் ஆயிட்டீங்க, டெபாசிட் கட்டுங்க, லேப்டாப்புக்கு பணம் அனுப்புங்கன்னு போன் வந்தா அது மோசடி, எந்தப் பேங்கும் வேலை கொடுக்க இப்படிப் போன் போட்டு காசு கேக்காது. அவசரத்துல அனுப்பிட்டீங்கன்னா வெக்கப்பட்டு மறைக்காம உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் போடுங்க, சீக்கிரம் சொன்னாத்தான் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு.