பார்த்தீனிய இலைவண்டு

பார்த்தீனியம் என்ற களைச்செடியைத் தின்னும் வண்டு இது. அறிவியல் பெயர் ஜைகோகிராமா பைகலரேட்டா. கிரேக்கத்தில் ‘ஜைகோன்’ நுகத்தடி, ‘கிராமா’ எழுதிய கோடு. ‘பைகலரேட்டா’ லத்தீன், இருநிறத்தது என்று பொருள். வண்டு 5, 6 மில்லிமீட்டர்தான் இருக்கும். வெளிர்மஞ்சள் மூடுசிறகின் மேல் நெடுக ஓடும் அடர்பழுப்புக் கோடுகளை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம்.

பேச்சுவழக்கில் ‘மெக்சிகன் வண்டு’. தாயகம் மெக்சிகோ என்பது சரிதான். ஆனால் அவரைச் செடியை நாசமாக்கும் வேறொரு வண்டுக்கும் அந்த ஊர்ப்பெயர் உண்டு. ‘பொறிவண்டு’ என்பது அதைவிட மோசம், அது வேறு குடும்பம். ‘பார்த்தீனிய இலைவண்டு’ என்றே எழுதலாம்: இரையும் தெரிகிறது, குடும்பமும் தெரிகிறது.

அந்தக் களையைக் கட்டுப்படுத்த 1983இல் பெங்களூருக்குக் கொண்டுவந்து, 1984இல் வெளியில் விட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் சூரியகாந்தி இலையையும் கடிக்கிறது என்று பெரிய சர்ச்சை. பார்த்தீனிய மகரந்தம் சூரியகாந்தி இலைமேல் படிந்திருந்தால்தான் கடிக்கத் தூண்டப்படுகிறது என்று பின்னர் ஆய்வில் தெரிந்தது.

இலையின் அடியில் மஞ்சள் முட்டை. 4, 5 நாளில் பொரியும் புழு முதலில் குருத்தைக் குடையும், பிறகு இலைக்கு வரும். குருத்து போனால் பூ குறையும், வேலையே அங்கேதான். இரண்டு வாரத்துக்குள் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும்.

சென்னையில் காலி மனை, தண்டவாள ஓரம் என்று செடிக்குப் பஞ்சமில்லை. வண்டை விடும் பலர் தோற்பது மண்ணில்: கட்டட இடிபாடு கொட்டிய மனையில் புழு இறங்க வழியில்லை. ஆகஸ்ட், செப்டம்பர் மழையில் மண் நனைந்து, செடி பூக்கும் முன் இளசாக இருக்கும்போது, ஓரிடத்தில் 500 முதல் 1000 வண்டு விடுங்கள். பத்திருபது விட்டால் சிதறிக் காணாமல் போகும். நவம்பரில் விட்டாலோ பெரும்பகுதி மண்ணுக்குள் உறங்கப் போய்விடும், அடுத்த ஆண்டு மழைக்குத்தான் எழும். வேறிடத்தில் விட வண்டைப் பிடிக்கும்போது கையுறை அவசியம். வண்டு கடிக்காது, செடியிலுள்ள பார்த்தீனின் என்ற வேதிப்பொருள்தான் தோலில் அரிப்பை உண்டாக்கும். துளையிட்ட டப்பாவில் பார்த்தீனியக் குருத்தையும் போட்டு எடுத்துப் போங்கள்.

விட்ட இடத்தில் புல்வெட்டி ஓட்டாதீர்கள். லிட்டருக்கு 200 கிராம் உப்பு, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளிக்கும் முறையும் அங்கே வேண்டாம். செடி கருகினால் புழு பட்டினியில் சாகும். வண்டு எட்டாத சுவரோரச் செடிகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.