காற்று வீசினால் வெளுக்கும் மரம்

ஒயிட்பீம் மரம் கோடையில் பார்க்கச் சாதாரணப் பச்சை மரம்தான். கொஞ்சம் காற்று அடிக்கட்டும், இலைகள் புரண்டு மரம் முழுக்க வெள்ளி பூசியதுபோல் ஆகிவிடும். தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் இது தானாகவே வளர்கிறது. ரோஜாவும் ஆப்பிளும் இருக்கும் அதே குடும்பம். பெயரில் உள்ள 'பீம்' உத்தரம் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு மரம் என்றே பொருள்.

இலையின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் கம்பளிபோல் மெத்தென்று இருக்கும். நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை. அப்படியென்றால் அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது? நிறமி எதுவும் இல்லை. ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் நுண்ணிய ரோமங்களும், அவற்றின் இடுக்கில் சிக்கிய காற்றும்தான். ரோமத்திலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து ரோமத்துக்கும் ஒளி மாறும் இடமெல்லாம் சிதறுகிறது. எல்லா நிறங்களும் சேர்ந்தே சிதறுவதால் நம் கண்ணுக்கு வெள்ளை. மெல்லிய வெள்ளைத் துணியை நனைத்தால் மறுபக்கம் தெரிகிறதே, அதற்கும் இதுதான் காரணம்: இழைகளுக்கு நடுவே இருந்த காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்வதால் ஒளி அவ்வளவாகச் சிதறுவதில்லை.

இந்த ரோமம் வெறும் அழகுக்கு இல்லை. இலைத்துளைகள் அடிப்பக்கத்தில்தான் இருக்கின்றன. அவற்றின் மேல் ஈரக்காற்றை நகரவிடாமல் ரோமப் போர்வை பிடித்துவைப்பதால் இலை நீரை மெதுவாக இழக்கிறது. மழைநீர் சீக்கிரம் வடிந்துவிடும் சுண்ணாம்பு நிலத்தில் அது பெரிய விஷயம்.

வசந்தத்தில் மொட்டு விரியும்போது இலையின் இரு பக்கமும் ரோமம் இருக்கும். இலை பெரிதாகப் பெரிதாக மேல்பக்க ரோமம் உதிர்ந்து அந்தப் பக்கம் பச்சையாகிறது. 'லூட்டெசென்ஸ்' என்ற தோட்ட ரகத்தில் மேல்பக்க ரோமமும் அடர்த்தி. அதனால் தளிர்கள் பாலாடை நிறத்தில் விரிந்து, கோடையில் சாம்பல் பச்சைக்கு மாறுகின்றன. என்னைக் கேட்டால் ரகங்களிலேயே அழகானது இதுதான்; பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் விருதும் இதற்கு உண்டு. 'மெஜஸ்டிகா' இலையும் பழமும் பெரிதான ரகம். இலை 15 செ.மீ. வரை வளரும். 'கிரைசோஃபில்லா' மஞ்சள் இலை ரகம்.

சரி, லூட்டெசென்ஸ் விதையை நட்டால் இன்னொரு லூட்டெசென்ஸ் கிடைக்குமா? நம்ப முடியாது. வேறு மரத்தின் மகரந்தம் கலந்த விதை அது. அதனால் நாற்றங்காலில் உறவுமரத்தின் வேர்ச்செடியில் மொட்டை ஒட்டுக்கட்டுகிறார்கள். கடைக்கு வரும் ஒவ்வொரு லூட்டெசென்ஸும் முதல் மரத்தின் துண்டுதான்.

கத்தியே இல்லாமல் இதைச் செய்யும் ஒயிட்பீம்களும் இருக்கின்றன. பிரிஸ்டல் நகரத்தின் ஏவன் பள்ளத்தாக்கில் மட்டுமே காட்டில் வளரும் பிரிஸ்டல் ஒயிட்பீமுக்கு, மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம் தொகுதி வழக்கமான இரண்டு இல்லை, மூன்று; அது சரிபாதியாகப் பிரியாது. அதன் கரு தாயின் செல்லிலிருந்து நேராக உருவாகிறது. மகரந்தம் வேண்டும்தான், ஆனால் அது கருவில் சேர்வதில்லை, விதைக்குள் கருவுக்கான உணவுச்சேமிப்பு வளரத்தான் உதவுகிறது. பறவை தின்று போடும் விதையிலிருந்து தாய்மரமே மறுபடி முளைக்கிறது.