கலிஃபோர்னியாவில் சம்பளம் நின்றால்: யு.ஐ., எஸ்.டி.ஐ., பி.எஃப்.எல்.

இந்த மூன்று உதவித்தொகைகளையும் தருவது ஈ.டி.டி. (வேலைவாய்ப்பு மேம்பாட்டுத் துறை) என்ற ஒரே மாநிலத் துறைதான். ஆனால் மூன்றுக்கும் தனித்தனி மனு. வேலை போய், வேறு வேலைக்குத் தயாராக இருப்பவருக்கு யு.ஐ. (வேலையின்மைக் காப்பீடு). நோய், பிரசவம் என்று வேலைக்குப் போக முடியாதவருக்கு எஸ்.டி.ஐ. (மாநில உடல் இயலாமைக் காப்பீடு). பிறந்த குழந்தையோடு இருக்கவோ, கடும் நோயில் இருக்கும் உறவினரைக் கவனிக்கவோ லீவு எடுப்பவருக்கு பி.எஃப்.எல். (ஊதியத்தோடு குடும்ப விடுப்பு); மாமனார் மாமியாரும் இதில் சேர்த்தி. கால் ஒடிந்து கிடப்பவர் யு.ஐ.க்குப் போட்டால், ‘வேலைக்குத் தயாரா’ என்ற கேள்வியிலேயே மனு அடிபடும்.

யு.ஐ. வாரத்துக்கு 40 முதல் 450 டாலர், அதிகபட்சம் 26 வாரம். சான் பிரான்சிஸ்கோ பே ஏரியா வாடகைக்கு அது எந்த மூலைக்கு? இருந்தாலும் வேலை போன வாரமே போட்டுவிடுங்கள். பணம் இல்லாத முதல் காத்திருப்பு வாரம், மனு போட்ட பிறகுதான் கணக்கில் ஏறும். அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இன்னும் தகுதி இருக்கிறது என்று ஈ.டி.டி.க்குச் சான்றளிக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். இடையில் பகுதிநேர வேலை பார்த்தால், பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகையை, வேலை செய்த வாரத்தில் காட்ட வேண்டும். செக் வந்த வாரத்தில் அல்ல. மாற்றிக் காட்டினால் கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கட்ட நேரும். வேண்டுமென்றே மறைத்ததாக முடிவானால் அதன்மேல் 30 சதவீத அபராதம்.

எஸ்.டி.ஐ.யும் பி.எஃப்.எல்.லும் உங்கள் சம்பளத்தில் பிடித்த காசு. கேட்கக் கூச்சம் வேண்டாம். 2024 முதல் உச்சவரம்பே இல்லாமல் முழுச் சம்பளத்திலும் பிடிக்கிறார்கள். 2025 முதல் கிடைப்பது சம்பளத்தில் 70 முதல் 90 சதவீதம், வாரத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சத்துக்கு உட்பட்டு.

எஸ்.டி.ஐ. மனுவை, வேலைக்குப் போக முடியாமல் போன நாளிலிருந்து எண்ணி, 9 நாள் ஆன பிறகு, 49 நாளுக்குள் போட வேண்டும். முதல் 7 நாளுக்குப் பணமில்லை. ஆன்லைனில் உங்கள் பகுதியை முடித்ததும் ஒரு ரசீது எண் வரும். அதை டாக்டர் அலுவலகத்தில் கொடுங்கள். அவர்கள் மருத்துவச் சான்றை ஏற்றும்வரை மனு நகராது.

பிரசவத்துக்கு வழக்கமாக முன்னே 4 வாரம், பின்னே 6 வாரம். சிசேரியன் என்றால் 8. அது முடிந்ததும் பி.எஃப்.எல். 8 வாரம். அப்பாவுக்கும் இது உண்டு. லீவு தொடங்கி 41 நாளுக்குள் அவர் தனியாக மனு போட வேண்டும்.

இவையெல்லாம் பணம் மட்டுமே. வேலையைக் காப்பது சி.எஃப்.ஆர்.ஏ. (கலிஃபோர்னியா குடும்ப உரிமைச் சட்டம்) போன்ற வேறு சட்டங்கள். ஆகவே கம்பெனியிடம் லீவைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

மனு மறுக்கப்பட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். யு.ஐ. என்றால் அது நடக்கும்போதும் இருவாரச் சான்றை விடாதீர்கள். ஜெயித்தாலும் சான்றளித்த வாரங்களுக்குத்தான் பணம் வரும்.