மோட்டார் ஓடுகிறது, பிரஷர் ஏறவில்லை

உயர் அழுத்தத் தண்ணீர் பம்ப் பிரஷரைத் தயாரிப்பதில்லை. தண்ணீரைத் தள்ளுவது மட்டுமே அதன் வேலை. தள்ளிய தண்ணீர் நாசிலின் சிறு துளையில் நெருக்கியடித்து வெளியேற வேண்டியிருப்பதால் பிரஷர் பிறக்கிறது. எனவே ஸ்டார்ட் செய்ததும் கேஜ் முள் படுத்தே கிடந்தால் உடனே ஸ்பேனரை எடுக்க வேண்டாம். உள்ளே போதுமான தண்ணீர் வருகிறதா, வந்ததெல்லாம் நாசில் வழியாகப் போகிறதா என்று பாருங்கள்.

நிமிடத்துக்கு 10 லிட்டர் தள்ளும் பம்ப் என்றால், உள்வரும் ஹோஸைக் கழற்றி 20 லிட்டர் வாளியில் பிடியுங்கள். ஒன்றரை நிமிடத்தில் நிறைந்தால் கவலையில்லை. 2 நிமிடத்தைத் தாண்டினால் குழாயிலோ ஃபில்டரிலோ அடைப்பு.

ஸ்டார்ட்டிங்கில் அடிக்கடி மாட்டுவது ஏர் லாக், அதாவது பம்புக்குள் காற்று சிக்கிக்கொள்வது. தண்ணீரைத் தள்ளும் தண்டான பிளஞ்சர் முன்னே வரும்போது உள்ளிருக்கும் காற்று அமுங்குமே தவிர, வெளியேற்று வால்வைத் திறக்கும் அளவுக்கு அழுத்தம் சேராது. பின்னே போகும்போது அதே காற்று விரிந்துகொள்வதால் உறிஞ்சு வால்வும் சரியாகத் திறக்காது. தண்ணீர் வாசலிலேயே நிற்கும். மோட்டாரை நிறுத்தி, நாசிலைக் கழற்றி, குழாயைத் திறந்து, தண்ணீர் துப்பாமல் சீராக வரும்வரை டிரிகரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு நாசில் இல்லாமலே அரை நிமிடம் மோட்டாரை ஓட்டி நிறுத்தி, நாசிலை மாட்டுங்கள்.

மறுபடியும் காற்று புகுந்தால் உறிஞ்சும் பக்க இணைப்பில் கசிவு இருக்கும். தொட்டியிலிருந்து உறிஞ்சும்போது அங்கே வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. ஆகவே தண்ணீர் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் மேலும் தண்ணீர் ஊற்றுங்கள். எங்கே ஊற்றும்போது பிரஷர் சற்றுத் தேறுகிறதோ, அங்கே ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றுங்கள்.

முள் நடுங்கி, ஹோஸ் துள்ளினால் சந்தேகம் வால்வு மேல். மூன்று பிளஞ்சர் பம்பில் ஆளுக்கு இரண்டாக 6 வால்வு. நாள்பட நின்ற பம்பில் உப்புப் படிந்து ஒன்று ஒட்டிக்கொண்டால்கூட ஒரு சிலிண்டர் சும்மா ஆடும். பிரிப்பதற்கு முன் மோட்டாரையும் தண்ணீரையும் நிறுத்தி, டிரிகரை அழுத்தி மிச்ச அழுத்தத்தை விடுங்கள். ஓடும் பம்பில் கசிவைக் கையால் தடவிப் பார்ப்பது விபரீதம். ஜெட் தோலைத் துளைத்துவிடும். வெளியே சிறு காயமாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டிரிகரை விட்டதும் தண்ணீரை பைபாஸ் என்ற திரும்பு வழியில் விடுவது அன்லோடர் வால்வு. அதில் மண் சிக்கினால் டிரிகரை அழுத்தினாலும் தண்ணீர் பைபாஸிலேயே சுற்றும். அதைச் சுத்தம் செய்யாமல் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை முறுக்கிச் சமாளிப்பது ஆபத்தான பழக்கம். அடைப்பு விட்டதும் பிரஷர் எல்லை மீறிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பிரஷர் குறைவாகவே நின்றால் நாசிலை மாற்றிப் பாருங்கள். துளை தேய்ந்து அதன் விட்டம் 10 சதவீதம் பெரிதானாலே 150 பார் சுமார் 102 பாராக இறங்கிவிடும்.