ஃபாஸ்ட், குவிக், ரேப்பிட்: எந்த வேகத்துக்கு எந்தச் சொல்?

தமிழில் 'வேகமான' என்ற ஒரே சொல்லை ரயிலுக்கும் போடலாம், பதிலுக்கும் போடலாம், நாடித்துடிப்புக்கும் போடலாம். ஆங்கிலத்தில் ரயில் 'ஃபாஸ்ட்', பதில் 'குவிக்', நாடி 'ரேப்பிட்'. அகராதியைப் புரட்டினால் மூன்றுக்கும் 'விரைவான' என்றே இருக்கும். அதை நம்பி எழுதும்போது, இலக்கணம் சரியாக இருந்தும் வாக்கியம் காதுக்கு ஒட்டாமல் போகிறது.

எந்த நேரத்தை அளக்கிறோம் என்பதில்தான் இந்தச் சொற்கள் பிரிகின்றன. கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருள் இவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தால், அது 'ஃபாஸ்ட்'. ஒரு செயல் தொடங்கியதிலிருந்து முடியும்வரை எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்த்தால், 'குவிக்'. 'குவிக் ஷவர்' என்றால் ஐந்து நிமிடத்தில் முடிந்த குளியல். தண்ணீர் வேகமாகக் கொட்டியது என்று பொருளில்லை. 'குவிக் லுக்', 'குவிக் கொஸ்டின்' எல்லாமே இந்த வகை. இங்கே எதுவும் இடம்விட்டு இடம் நகரவில்லை, அதனால்தான் 'ஃபாஸ்ட் லுக்' என்பது உறுத்துகிறது.

ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை, ஓர் ஆண்டுக்கு எவ்வளவு மாற்றம் என்று வீதத்தை எண்ணினால் 'ரேப்பிட்'. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிக்கும். அது 120 ஆனால் 'ரேப்பிட் பல்ஸ்'. 'ரேப்பிட் குரோத்', 'ரேப்பிட் சேஞ்ச்' இரண்டும் இதே கணக்கு. காருக்கு இந்தச் சொல் பொருந்தாது.

நான்காவது, கேட்ட நேரத்துக்கும் செய்யத் தொடங்கிய நேரத்துக்கும் உள்ள இடைவெளி. அது குறைவாக இருந்தால் 'ப்ராம்ப்ட்'. 'ப்ராம்ப்ட் ரிப்ளை' பத்துப் பக்கம் நீளலாம், தாமதமின்றி வந்திருந்தால் போதும்.

இந்த எல்லைகள் மதில் அல்ல, வரப்புதான். சட்டென்று கற்றுக்கொள்பவரை 'ஃபாஸ்ட் லேர்னர்' என்றாலும் 'குவிக் லேர்னர்' என்றாலும் சரியே. ஆனால் 'ஃபாஸ்ட் ஃபுட்', 'குவிக் மீல்' என்ற இரண்டையும் மாற்றிப் போட முடியாது. புழக்கம் கட்டிவைத்த ஜோடிகள் இவை. பிரிக்காமல் சேர்த்தே மனத்தில் பதிப்பதுதான் வழி. நோயாளிக்கு வாழ்த்துச் சொல்ல 'ஸ்பீடி ரெக்கவரி', கை வீசி நடப்பதற்கு 'ப்ரிஸ்க் வாக்', தடையின்றிப் பாயும் ஆற்றுக்கு 'ஸ்விஃப்ட்'. யோசிக்காமல் எடுத்த முடிவு 'ஹேஸ்டி'. அதில் குறை சொல்லும் தொனி இருப்பதால் பாராட்டும்போது தவிர்க்க வேண்டும்.

இரண்டு சொற்களின் பழைய பொருள் தெரிந்தால் சில புதிர்கள் அவிழும். 'குவிக்' என்றால் பழைய ஆங்கிலத்தில் 'உயிருள்ள' என்று பொருள். நிற்காமல் உருண்டோடும் பாதரசம் 'குவிக்சில்வர்', அதாவது உயிருள்ள வெள்ளி. நகத்தின் அடியில் தொட்டால் வலிக்கும் சதைக்கு இன்றும் 'குவிக்' என்றே பெயர். 'ஃபாஸ்ட்' முதலில் குறித்தது அசையாத உறுதியை. சாயம் போகாத துணி 'கலர்ஃபாஸ்ட்', ஆழ்ந்து தூங்குபவர் 'ஃபாஸ்ட் அஸ்லீப்'. உறுதியாக, முழு மூச்சாக ஓடுவது என்ற வழியில்தான் வேகம் என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது.

'ஃபாஸ்ட்' எந்தப் பெயரோடு சேர்கிறதோ அந்தப் பெயரின் வேலையைப் பார்த்துப் பொருளை மாற்றிக்கொள்கிறது. ஃபாஸ்ட் கார் வேகமாக ஓடும். ஃபாஸ்ட் டைப்பிஸ்ட் வேகமாகத் தட்டச்சு செய்வார். ஃபாஸ்ட் ரோடு தானாக எங்கும் போகாது, அதில் போகிறவர்கள் வேகமாகப் போகலாம். சொற்பொருள் ஆய்வாளர் ஜேம்ஸ் புஸ்டெயோவ்ஸ்கி 1990களில் இந்தச் சொல்லை முன்வைத்தே, பெயர்ச்சொல்லுக்குள் அதன் பயனும் பொருளாகப் பொதிந்திருக்கிறது என்று விளக்கினார். கேமராவின் 'ஃபாஸ்ட் லென்ஸ்' இதற்கு அழகான சான்று. லென்ஸின் துளை அளவைக் குறிக்கும் எஃப் எண் சிறிதானால் துளை பெரிது; எஃப் 2.8 துளையிலிருந்து எஃப் 1.4 துளைக்குப் போனால் நான்கு மடங்கு ஒளி உள்ளே வரும். அதே படத்துக்கு 1/60 நொடி திறந்திருந்த ஷட்டர் இப்போது 1/250 நொடி திறந்தால் போதும். வேகம் ஷட்டருக்கு, பெயர் லென்ஸுக்கு.

நாம் தடுமாறும் இடங்களுக்கு நம் மொழியிலேயே காரணம் இருக்கிறது. மொழியியலாளர் டிக்சன் 1977-இல் பெயரடைகளை ஏழு பொருள் வகைகளாகப் பிரித்தபோது வேகத்தைத் தனி வகையாக வைத்தார். தமிழில் 'நல்ல', 'பெரிய' போல வேகத்துக்கென்று தனிப் பெயரடை இன்றைய வழக்கில் இல்லை; 'வேகம்' என்ற பெயரோடு 'ஆன' சேர்த்து உண்டாக்குகிறோம். 'கதழ்வும் துனைவும் விரைவின் பொருள' என்று தொல்காப்பியம் காட்டும் உரிச்சொற்களும் வழக்கொழிந்துவிட்டன. நாம் பெரும்பாலும் வினையையே விரைவுபடுத்துகிறோம்: 'வேகமாக நீந்துவாள்'. ஆங்கிலம் பெயரை விரைவுபடுத்தும்: 'ஷி இஸ் எ ஃபாஸ்ட் ஸ்விம்மர்'.

வினையடை வேண்டும் என்று 'ஃபாஸ்ட்லி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் அந்த வடிவம் இல்லை. 'ரன் ஃபாஸ்ட்' என்பதே முழுமை. 'குவிக்லி', 'ரேப்பிட்லி' உண்டு. இன்னொரு பிழை, 'ஸ்பீட்' என்ற சொல்லுக்கே 'ஃபாஸ்ட்' போடுவது. வேகம் என்பது ஓர் அளவு. அளவு கூடும், குறையும், ஓடாது. ஆகவே 'ஹை ஸ்பீட்', 'லோ ஸ்பீட்'. 'சீக்கிரம்' இதைவிடச் சிக்கல், ஏனென்றால் அதற்குள் மூன்று பொருள் இருக்கிறது. சீக்கிரம் எழுந்தேன் என்றால் 'அர்லி', சீக்கிரம் மழை வரும் என்றால் 'சூன்', சீக்கிரம் முடி என்றால் 'குவிக்லி'. மூன்றில் எதற்கும் 'ஃபாஸ்ட்' முதல் தேர்வு அல்ல.

கடிகாரத்தில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் புரண்டுவிடுகிறது. 'மை வாட்ச் இஸ் ஃபைவ் மினிட்ஸ் ஃபாஸ்ட்' என்றால் முள் வேகமாகச் சுற்றுகிறது என்பதில்லை. சரியான நேரத்தைவிட ஐந்து நிமிடம் முந்திக் காட்டுகிறது, அவ்வளவே. அதன் ஓட்டம் துல்லியமாகவே இருக்கலாம். நாளுக்கு நாள் அது மேலும் முந்திக்கொண்டே போனால் 'கெய்ன்ஸ்' என்ற வினையைச் சொல்ல வேண்டும். முதல் கடிகாரத்துக்கு முள்ளைத் திருப்பி வைத்தால் போதும், இரண்டாவதைப் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும்.