ஒட்டுண்ணி என்றால் உண்ணியா?

ஆத்தூர்ப் பக்கம் ஒரு மரவள்ளிக் காட்டோரத்தில் விவசாயிகள் கூட்டம். "நன்மை செய்யும் ஒட்டுண்ணிகளை உங்கள் வயலில் விடப் போகிறோம்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, குச்சிக்கிழங்கில் இருக்கிற மாவுப்பூச்சி போதாதென்று உண்ணியையும் கொண்டுவந்து விடுகிறீர்களா?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை வேறு ஊர்களிலும் கேட்டுவிட்டேன். பெரியவர் தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார். பிழை சொல்லில் இருக்கிறது.

வயலில் விடும் இந்தப் பூச்சி இனத்துக்கு ஆங்கிலத்தில் 'பாராசிட்டாய்டு' என்று பெயர். அதன் தாய்ச்சொல்லான 'பாராசைட்' கிரேக்கத்திலிருந்து வந்தது. அடுத்தவர் இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று பொருள். பின்லாந்துப் பூச்சியியலாளர் ராய்ட்டர் 1913இல் அதற்கு 'ஆய்டு' என்று ஒரு வால் ஒட்டினார். காரணம் இருந்தது. பேனும் உண்ணியும் குடற்புழுவும் தாங்கும் உயிரை உறிஞ்சிக்கொண்டே வாழவிடும். அது செத்தால் அவற்றுக்குத்தான் நட்டம். பாராசிட்டாய்டு இனமோ வேறொரு பூச்சியின் மேலோ உள்ளேயோ முட்டையிடும். பொரித்த புழு அந்தப் பூச்சியைத் தின்று தீர்த்துவிட்டுத்தான் வெளியே வரும். கொல்வதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. தமிழில் இரண்டையும் 'ஒட்டுண்ணி' என்றே எழுதி, அந்த வேறுபாட்டைத் துடைத்தெறிந்துவிட்டோம்.

இது ஏட்டுச் சண்டை அல்ல. மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, விரைவிலேயே சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்துவிட்டது. நுனி இலைகள் சுருண்டு கொத்தாகிவிடும், கிழங்கு பருக்காது. ஆப்பிரிக்காவில் 1970களிலேயே இதே பூச்சி மரவள்ளியைச் சூறையாடியது. தென் அமெரிக்காவில் அதற்கு இயற்கையாக அமைந்த எதிரியைத் தேடிப் பிடித்து 1981இல் நைஜீரியாவில் விட்டார்கள். அனகைரஸ் லோபெசி என்னும் குளவி அது, எள்ளைவிடச் சிறியது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட அதே குளவியைத்தான் 2022இல் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். இத்தனை கடல் தாண்டி வந்த விருந்தாளியை 'உண்ணி' என்று அறிமுகப்படுத்தினால், விவசாயி தெளிப்பானைத்தான் தேடுவார். தெளித்தால் முதலில் சாவது குளவி. மெழுகுப் பூச்சுக்குள் பதுங்கியிருக்கும் மாவுப்பூச்சி பெரும்பாலும் தப்பிவிடும்.

சொல் ஆராய்ச்சியில் ஈடுபாடுள்ள நண்பர் ஒருவர் 'ஒட்டுண்ணிப்போலி' என்று எழுதலாம் என்கிறார். ஆங்கில வாலுக்கு 'போல' என்று பொருளாம், ஆகவே போலியாம். இலக்கணத்தில் முதற்போலியும் கடைப்போலியும் இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் விதைக் கடையில் 'போலி' என்றால் என்ன பொருள் என்று அவர் ஒருமுறை போய்க் கேட்டுவர வேண்டும். போலி விதை வாங்கிக் கை சுட்டுக்கொண்டவரிடம் "போலியை விடுகிறோம், நன்மை செய்யும்" என்றால், அசல் எங்கே என்று கேட்க மாட்டாரா? பொருளும் இடறுகிறது. இது ஒட்டுண்ணியைப் பார்த்து நடிக்கும் ஒன்றல்ல, அதைவிடக் கொடியது. ஆங்கிலச் சொல்லின் வால் எலும்பை எண்ணி எண்ணித் தமிழில் அடுக்கும் இந்தப் பழக்கத்தை நம் மொழிபெயர்ப்பாளர்கள் எப்போது விடுவார்களோ. 'கொன்றுண்ணி' என்பாரும் உண்டு. நல்ல சொல்தான். ஆனால் பொறிவண்டு போல இரையைப் பிடித்துத் தின்பவற்றுக்கு அது ஏற்கெனவே வழங்குகிறது.

இவ்வளவு தேட வேண்டியதே இல்லை. 'கொட்டக் கொட்டக் குளவி' என்று நம் பாட்டிமார் சொன்னார்களே. சுவர் மூலையில் குளவி மண்கூடு கட்டும், எங்கிருந்தோ புழுவைத் தூக்கிவந்து உள்ளே வைக்கும், சில நாளில் கூட்டிலிருந்து குளவி வெளிவரும். புழுதான் குளவியானது என்று நம்பினார்கள். உண்மையில் கொட்டியதால் புழு செயலிழந்தது. குளவியின் குஞ்சு அதைத் தின்று வளர்ந்தது. காரணத்தைத் தவறாகச் சொன்னாலும் காட்சியைத் துல்லியமாகப் பிடித்துவைத்த பழமொழி அது. வயலில் 'குளவி' என்றால் போதும். 'மாவுப்பூச்சிக் குளவி', 'முட்டைக் குளவி' என்று எதைத் தாக்குகிறதோ அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. இந்த வேலையைச் செய்பவை எல்லாம் குளவிகள் அல்ல, ஈக்களும் உண்டு. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் அஞ்சும் ஊசி ஈ அந்த வகைதான். (அந்த 'ஊசி', தையல் ஊசி அல்ல. புழுவைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் நம் காதில் ஊசியாகிவிட்டது.) எனவே பாடநூலுக்கு ஒரு பொதுச்சொல் தேவை. 'ஒட்டிக்கொல்லி' என்று நான் எழுதிவருகிறேன். ஒட்டுவதும் இருக்கிறது, கொல்வதும் இருக்கிறது. யாருக்கும் உரை தேவையில்லை. பூச்சிக்கொல்லி என்பதோடு குழம்பாதா என்று கேட்கிறார்கள். குழம்பலாம். உண்ணி என்று குழம்புவதைவிட அது மேல்.

கரும்பின் இடைக்கணுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா என்னும் முட்டைக் குளவி வரும் காகிதத் துண்டின் பெயரோ இன்னும் மோசம்: 'ஒட்டுண்ணி அட்டை'. காலில் ஏறி இரத்தம் குடிப்பதும் அட்டைதானே! எழுதியவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்திருந்தால் 'முட்டைக் குளவி அட்டை' என்றாவது மாற்றியிருப்பார். நஞ்சை 'மருந்து' என்கிறோம், காப்பாற்ற வரும் உயிரை 'உண்ணி' என்கிறோம். எதை அடிப்பது, எதை விடுவது என்று விவசாயி எப்படித் தெரிந்துகொள்வார்?

அடுத்த கூட்டத்தில் நான் ஒலிபெருக்கியை வாங்கி, "குளவி விடப் போகிறார்கள்" என்று சொல்லிப் பார்த்தேன். உடனே ஒரு அம்மா, "கொட்டுமா?" என்று கேட்டார். கொட்டாது, கண்ணுக்கே சரியாகத் தெரியாது என்றேன். "அப்படியென்றால் மாவுப்பூச்சியை மட்டும் எப்படிக் கொட்டும்?" என்றார். பதில் சொல்வதற்குள், பக்கத்தில் இருந்தவரே சுவர்க் குளவியின் கதையை அவருக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார்.