பல்லைத் தேடாதே, சரளையைத் தேடு

ஆற்றில் சுறாப்பல் தேட முதன்முறையாக இறங்குகிறவர் பெரும்பாலும் ஒரே தவற்றைத்தான் செய்வார். கரையோரம் வெள்ளையாகப் பரந்து கிடக்கும் மணலைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அள்ளி அள்ளிச் சலிப்பார். இரண்டு மணி நேரம் கழித்து முதுகுவலிதான் மிச்சம். இருபதடி தள்ளி முழங்கால் தண்ணீரில் நிற்கும் அனுபவசாலியோ சல்லடைக்கு நாலைந்து பல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருப்பார். பார்க்கிறவருக்கு அது அதிர்ஷ்டம் என்று தோன்றும். உண்மையில் அவர் பல்லைத் தேடவே இல்லை. சரளைக்கல்லைத் தேடினார். சரளை எங்கே தங்குகிறதோ அங்கேதான் பல்லும் தங்கும்.

அது ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால், கடலில் இருக்கிற சுறாவின் பல் ஆற்றுக்கு எப்படி வந்தது? காளைச் சுறா போன்ற ஒன்றிரண்டு இனங்கள் நன்னீருக்குள் நுழைவதுண்டு. ஆனால் சல்லடையில் கிடைப்பவை அப்படி வந்தவை அல்ல. அந்த இடமே ஒரு காலத்தில் கடலாக இருந்தது, அவ்வளவுதான்.

சுறாவுக்கு எலும்பு கிடையாது. உடல் முழுக்கக் குருத்தெலும்பு. செத்தால் அது பெரும்பாலும் மக்கிவிடும். மிஞ்சுவது பல்தான். நம் பல் தாடை எலும்பில் குழி தோண்டி ஊன்றியது. சுறாவின் பல் ஈற்றில் ஒட்டிக்கொண்டு நிற்பது. முன்வரிசைக்குப் பின்னால் அடுத்தடுத்த வரிசைகள் உள்பக்கமாக மடங்கிப் படுத்திருக்கும். முன்பல் விழுந்ததும் பின்னால் இருப்பது நிமிர்ந்து அந்த இடத்துக்கு வரும். இனத்தையும் தண்ணீரின் வெப்பத்தையும் பொறுத்துச் சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ ஒருமுறை இது நடக்கும். ஒரே சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்த்துவிடும். சுறாக்களோ 40 கோடி ஆண்டுகளாகக் கடலில் இருக்கின்றன. பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழுந்த பற்களில் சேறு சீக்கிரம் மூடியவைதான் தப்பும். பல்லின் மேல்பூச்சு ஃபுளோரின் கலந்த கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது. நாம் பற்பசையில் ஃபுளோரைடு சேர்த்து எதற்குப் பாடுபடுகிறோமோ, அது சுறாவுக்குப் பிறவியிலேயே கிடைத்திருக்கிறது. பூச்சுக்கு உள்ளே இருப்பதும், அடியில் இருக்கும் வேரும் நுண்துளைகள் நிறைந்தவை. நிலத்தடி நீர் கொண்டுவரும் கனிமங்கள் அந்தத் துளைகளை மெல்ல மெல்ல நிரப்புகின்றன. வெள்ளையாக விழுந்த பல் கறுப்பாகவோ சாம்பலாகவோ பழுப்பாகவோ மாறுவது அப்போதுதான். பாஸ்பேட் நிறைந்த படிவில் கிடந்தால் கறுப்பு, இரும்புச் சத்துள்ள மண்ணில் கிடந்தால் செம்பழுப்பு. ‘நல்ல கறுப்பு, அதனால் ரொம்பப் பழசு’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிறம் சொல்வது மண்ணைப் பற்றி, வயதைப் பற்றி அல்ல.

அப்புறம் கடல் பின்வாங்கியது, பழைய கடலடி நிலமாயிற்று, அதன் மேல் ஒரு ஆறு ஓடத் தொடங்கிப் படிவுகளை அறுத்தது. இதற்குப் பேர்போன உதாரணம் அமெரிக்காவின் புளோரிடாவில் ஓடும் பீஸ் ஆறு. ஏறக்குறைய 170 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆறு, பாஸ்பேட் நிறைந்த பழைய கடல் படிவுகளை அறுத்துக்கொண்டு போகிறது. 1881இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் லெபரோன் இந்த ஆற்றில் பாஸ்பேட் கூழாங்கற்களைக் கண்டறிந்தார். அந்தப் பகுதியின் சுரங்கத் தொழிலே அதிலிருந்து கிளம்பியதுதான். பல் தேடுகிறவர்களுக்கும் அந்தக் கறுப்புக் கூழாங்கற்கள்தான் வழிகாட்டி.

சரி, சரளைக்கு வருவோம். ஆறு ஒரு முறம். புடைத்துப் புடைத்து கனத்தை ஓரிடத்திலும் இலேசை வேறிடத்திலும் போடும். நீரோட்டத்தைப் பற்றி ஒரு பழைய கணக்கு உண்டு: வேகம் இரண்டு மடங்கானால், தண்ணீரால் உருட்ட முடிகிற கல்லின் எடை 64 மடங்காகும். இதைத் தலைகீழாகப் படித்தால்தான் நமக்குப் பயன். வேகம் பாதியாகக் குறைகிற இடத்தில் அந்தச் சக்தி அறுபத்துநான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே ஓட்டம் கொஞ்சம் தளர்ந்தாலே பெரிய கல் உட்கார்ந்துவிடும். இன்னும் தளர்ந்தால் சரளை, பிறகு மணல், கடைசியில் வண்டல்.

இந்த வரிசையில் பல்லின் இடம் எது? சாதாரண மணலும் கூழாங்கல்லும் பெரும்பாலும் குவார்ட்ஸ். தண்ணீரைப் போல 2.65 மடங்கு அடர்த்தி. பல்லில் உள்ள பாஸ்பேட் கனிமத்துக்கு 3.1 முதல் 3.2 வரை. பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் தண்ணீருக்குள் மிதப்பு விசை இரண்டிலிருந்தும் ஒன்றைக் கழித்துவிடும். மிஞ்சுவது 1.65க்கு எதிராக 2.15. அதாவது தன் அளவே உள்ள குவார்ட்ஸ் கல்லைவிடப் பல் தண்ணீருக்குள் சுமார் 30 சதவீதம் கனம். ஆகவே அது மணலோடு போகாமல் சரளையோடு இறங்குகிறது. பாஸ்பேட் கூழாங்கல்லுக்கும் பல்லுக்கும் கனிமம் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் அவை இரண்டும் சேர்ந்தே கிடப்பதில் ஆச்சரியம் இல்லை. பல்லின் தட்டை வடிவம் இறங்கும்போது இலையைப் போல அதைக் கொஞ்சம் அலைக்கழிக்கும், உண்மைதான். ஆனால் கற்களின் இடுக்கில் ஒருமுறை செருகிக்கொண்டால் அதே தட்டை வடிவம்தான் அதை அங்கேயே பிடித்துவைக்கும்.

இனி ஆற்றைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். வளைவின் வெளிக்கரையில் ஓட்டம் வேகம், அங்கே கரை அறுபடும். உள்கரையில் வேகம் குறைவு, அங்கே திட்டு சேரும். அந்தத் திட்டின் உச்சியில் இருப்பது நைஸான வெள்ளை மணல். நம் புதியவர் போய் உட்கார்ந்த இடம். சரளை இருப்பது திட்டின் மேல்நீர் முனையிலும், தண்ணீரோரத்துச் சரிவிலும். விழுந்து கிடக்கும் மரத்தின் பின்னால், பாறையின் நிழலில், ஆழமில்லாமல் சலசலத்து ஓடும் நீர் ஆழமான மடுவில் போய் விழுகிற இடத்தில் என்று இப்படித் தேடிப் போக வேண்டும். நீர்மட்டம் இறங்கும் வறண்ட மாதங்கள்தான் காலம். வெள்ளம் வடிந்த பிறகு வருவது இன்னும் நல்லது, ஏனென்றால் முறம் புதிதாக ஒருமுறை புடைக்கப்பட்டிருக்கும்.

பல நேரம் சரளை வெளியே தெரியாது, அரையடி மணலுக்கு அடியில் மூடியிருக்கும். அதற்கு ஒரு மெல்லிய இரும்புக் கம்பி போதும். செங்குத்தாகக் குத்தி இறக்குங்கள். மணல் என்றால் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். சரளை என்றால் கரகரவென்று ஒரு நறநறப்பு கம்பி வழியாக உள்ளங்கைக்கு ஏறும். களிமண் என்றால் கம்பி பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். இந்த மூன்றையும் கை பழகிக்கொள்ள அரைமணி நேரம் ஆகும்; அந்த அரைமணியைச் சலிப்பதில் செலவழிக்காமல் இதில் செலவழிப்பது லாபம். பல இடங்களில் சரளை ஒரு கெட்டியான களிமண் தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். கனமானது எல்லாம் இறங்கி இறங்கி அந்தத் தளத்தில்தான் நிற்கும் என்பதால், சரளையின் கடைசி நாலு விரல் கனத்தை விட்டுவிடக் கூடாது. தளம் வந்ததும் நிறுத்திவிடலாம்.

சல்லடைக்கு ஆறு மில்லிமீட்டர் கண்ணி சரியான அளவு. மண்வாரியால் ஒரு வாரி அள்ளிப் போட்டு, சல்லடையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே பிடித்து இருபுறமும் ஆட்டுங்கள். பழுப்புப் புகை மாதிரி வண்டல் கலைந்து போகும், பிறகு மணல் ஒழுகும், கடைசியில் நிற்பது ஒரு கை அளவு கறுப்பும் பழுப்புமான கற்கள். இங்கே ஒரு சிக்கல். நனைந்திருக்கும்போது எல்லாமே பளபளக்கும். சிப்பித் துண்டு, பாஸ்பேட் கல், ஊறிப்போன மரச்சில் எல்லாம் பல் மாதிரியே கண்ணடிக்கும். சல்லடையை வெயிலில் ஒரு நிமிடம் சாய்த்து வையுங்கள். கற்கள் உலர்ந்து மங்கும். பல்லின் பூச்சு மட்டும் உலர்ந்த பிறகும் கண்ணாடி போல மின்னும். அந்த மினுக்கத்துக்குக் கீழே மங்கலான, சொரசொரப்பான ஒரு பகுதி இருந்தால் அது வேர். இரண்டும் ஒரு நேர்த்தியான கோட்டில் சந்திக்கும். இயற்கையில் வேறு எந்தக் கல்லிலும் அந்தக் கோட்டை நான் பார்த்ததில்லை.

என்ன சுறா என்பதை வடிவமே சொல்லும். எலுமிச்சைச் சுறாவின் பல் மெலிந்து ஆங்கில ‘T’ எழுத்துபோல இருக்கும். புலிச்சுறாவுடையது சேவல் கொண்டை போலச் சாய்ந்து, ஓரத்தில் ஆழமான வெட்டோடு வரும். மணற்சுறாவின் பல் ஊசி போல நீண்டு, அடியில் இருபுறமும் குட்டி முனைகள் வைத்திருக்கும். ஹெமிப்ரிஸ்டிஸ் செர்ரா என்று ஒன்று உண்டு, அழிந்துபோன இனம். அதன் மேல்தாடைப் பல்லின் ஓரங்கள் கரகரப்பான ரம்பம். நுனி மட்டும் மழுங்காத கத்தி. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் அழகு அதுதான். ஆனால் வருகிறவர்கள் எல்லாருக்கும் அழிந்துபோன ராட்சதச் சுறாவான மெகலோடானின் பல்தான் வேண்டும். 18 சென்டிமீட்டர் வரை வளர்ந்த பல் என்று கேட்டுவிட்டு வந்து, நகக்கண் அளவுப் பற்களைத் திரும்ப ஆற்றில் வீசுகிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். முதல் நாளில் மெகலோடானின் உடைந்த துண்டு கிடைத்தாலே பெரிது. தடிமனும், ஓரத்தில் ஒரே சீரான நுண்ரம்பமும், பூச்சுக்கும் வேருக்கும் நடுவே வளைந்து ஓடும் ஒரு கருநிறப் பட்டையும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இவை பல் என்பதே ஒரு காலத்தில் சண்டைக்குரிய விஷயமாக இருந்தது. பாறைக்குள் கிடந்த இந்த முக்கோணங்களை ஐரோப்பாவில் ‘நாக்குக் கல்’ என்றார்கள். வானத்திலிருந்து விழுந்தவை என்று ரோமானியரான பிளினி எழுதிவைத்தார். விஷமுறிவுக்கு நல்லதென்று கழுத்தில் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. 1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே ஒரு பெரிய சுறா பிடிபட்டது. அதன் தலை ஃபுளோரன்ஸ் நகரில் இருந்த டென்மார்க்குக்காரரான நிக்கோலஸ் ஸ்டெனோவிடம் வந்துசேர, அவர் அதை அறுத்துப் பார்த்தார். வாயிலிருந்த பல்லும் நாக்குக் கல்லும் அச்சு அசலாக ஒன்று. அப்படியென்றால் பாறைக்குள் பல் எப்படிப் போனது? அந்தக் கேள்வியைத் துரத்திப் போனவர் 1669இல் ஒரு விதிக்கு வந்துசேர்ந்தார்: படிவுகள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிகின்றன, எனவே கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. நிலவியலின் அடிப்படைகளில் ஒன்று இன்றைக்கும் அதுதான்.

விதிமுறைகள் இடத்துக்கு இடம் மாறும், இறங்குவதற்கு முன் விசாரித்துவிடுங்கள். புளோரிடாவில் அரசு நிலத்தில் முதுகெலும்புள்ள உயிர்களின் புதைபடிவத்தை எடுக்க, அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வழங்கும் அனுமதி வேண்டும். சுறாப்பல்லுக்கு மட்டும் விலக்கு. கரையை எங்கேயும் குடையக் கூடாது. கரை சரிந்து தலையில் விழும் என்பது ஒரு காரணம், ஆற்றையே கெடுக்கும் என்பது இன்னொன்று. தனியாகப் போகாதீர்கள். அங்கெல்லாம் முதலை உண்டு. கிடைத்த பல்லை வெறும் தண்ணீரில் மெத்தென்ற பிரஷ் வைத்துக் கழுவினால் போதும். வினிகர் மாதிரி அமிலம் எதுவும் வேண்டாம், பாஸ்பேட் கரைந்து பல் பாழாகும்.

வீட்டுக்கு வந்து உலர்த்தி வரிசையாக அடுக்கும்போதுதான் ஒரு விநோதம் கண்ணில் படும். ஒரே சல்லடையில் மெகலோடான் துண்டும் மாமூத் யானையின் கடைவாய்ப்பல் சில்லும் குதிரைப்பல்லும் ஆமை ஓடும் சேர்ந்து வந்திருக்கும். மெகலோடான் அழிந்தது சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால். மாமூத் புளோரிடாவில் கடைசியாக நடமாடிச் சில பத்தாயிரம் ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஸ்டெனோவின் விதி கரையில் செல்லும், ஆற்றின் சரளையில் செல்லாது. ஆறு எல்லா அடுக்கையும் அறுத்து, வயதைப் பார்க்காமல் எடையை மட்டும் பார்த்து அடுக்கியிருக்கிறது. மெகலோடான் துண்டுக்காவது இனம் அழிந்த காலத்தை வைத்து ஒரு கீழ் எல்லை சொல்லலாம். புலிச்சுறா இன்றைக்கும் கடலில் நீந்துகிறது. அதன் பல்லுக்கு அதையும் சொல்ல முடியாது.

ஒன்றே ஒன்றை மட்டும் பல்லிலிருந்து படிக்கலாம். விரலால் ஓரத்தை வருடிப் பாருங்கள். ரம்பம் இன்னும் தோலைப் பிடித்து இழுத்தால் அது படிவிலிருந்து விடுபட்டு அதிக தூரம் வரவில்லை. வேரின் இரு கிளைகளும் உருண்டு, ஓரம் வழுவழுவென்று சோப்புத் துண்டு மாதிரி ஆகியிருந்தால், அது பல வெள்ளங்களில் உருண்டிருக்கிறது. ஒருவேளை பழைய ஆறு ஒன்று எடுத்துப் போட்டு, மறுபடி புதைந்து, இந்த ஆறு இரண்டாம் முறை தோண்டி எடுத்ததாகவும் இருக்கலாம்.